168 காட்டிய சுகர்: பல் பிடுங்கிய ஐந்தாம் நாள் தாடைக்கடியில் சீழ் வைத்த ஒரு நிகழ்வு

கும்பகோணத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். என் நோயாளிகளில் பாதிப் பேர் ஊருக்கு வெளியே வயல் வேலையில் இருப்பவர்கள். இங்கே எழுதப்போவது அவர்களில் ஒருவருக்கு நடந்தது. அவருடைய சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். இதில் என் தவறுகளும் உண்டு. அவற்றை விட்டுவிட்டு எழுதினால் இதைப் படித்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வந்த அன்று

புரட்டாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. வலங்கைமான் பக்கத்துக் கிராமம். வயது 56, மூன்று ஏக்கர் குறுவை போட்டிருக்கும் விவசாயி. வலது கீழ்த்தாடையில் கடைசிக்கு முந்தின கடைவாய்ப் பல் எட்டு மாதமாகத் தொந்தரவு. சொத்தை வேர் வரை இறங்கி, பல்லின் மேல்பாகம் பாதி உடைந்திருந்தது. ஈறை அழுத்தினால் கொஞ்சம் சீழ் எட்டிப் பார்த்தது. எக்ஸ்ரேயில் இரண்டு வேர்களின் நுனியிலும் எலும்பு கரைந்த கருநிழல்.

ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 காலை, இரவு. கிளிமிப்பிரைடு 1 மி.கி. காலையில். கடைசியாக ரத்தம் எப்போது பார்த்தீர்கள் என்றதற்கு, "பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவை" என்றார். வெற்றிலை, சீவல், கொஞ்சம் புகையிலை, முப்பது வருடப் பழக்கம். வாய் முழுதாகத் திறக்கவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகியிருந்ததால், பாக்கினால் வந்த இறுக்கம் என்று முடிவு செய்து அட்டையில் "வாய் திறப்பு சற்றுக் குறைவு" என்று எழுதினேன். எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கவில்லை. பின்னால் அந்த ஒரு எண் இல்லாமல் தவித்தேன்.

விரலில் குத்திப் பார்த்ததில் சுகர் 168. ரத்த அழுத்தம் 140/86. 168 என்றால் டிஃபன் சாப்பிட்டு வந்தவருக்குப் பரவாயில்லையே என்று நினைத்தேன். அவரும் ஒரே பிடியாக இருந்தார். "புதன்கிழமைக்குள்ள மிஷின் வந்துரும் சார், இன்னிக்கே எடுத்து விட்ருங்க. அறுப்பு நேரத்துல இந்த வலிய வச்சிக்கிட்டு நிக்க முடியாது."

எடுத்தேன். மரத்துப்போக 2 சதவீத லிக்னோகெய்ன் ஊசி, அட்ரினலின் கலந்தது. பல் சுலபமாக வரவில்லை. பின் வேர் உடைந்து உள்ளே நின்றுவிட்டது. அதைத் தனியாகப் பிரித்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை லேசாக நடுங்கியது. பயம் என்று நினைத்து ஃபேனைத் திருப்பி வைத்து, குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார். இரண்டு தையல். அமாக்சிசிலின் 500 மி.கி. மூன்று வேளை, ஐந்து நாளைக்கு, வலிக்குப் பாரசிட்டமால். புதன்கிழமை கட்டாயம் வந்து காட்டச் சொல்லி அனுப்பினேன்.

புதன், வியாழன், வெள்ளி

புதன்கிழமை அவர் வரவில்லை. அறுப்பு மிஷின் ஒரு நாள் முன்னதாகவே, செவ்வாய் காலையிலேயே, வந்துவிட்டது. அன்று சாயங்காலமே நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள். ஈரப்பதத்துக்குப் பொதுவான வரம்பு 17 சதவீதம். புரட்டாசி மழைக்கு நடுவே அறுத்த குறுவை நெல் அந்த வரம்புக்குள் எங்கே நிற்கும்? காயவைக்க வேண்டும், தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், முறை வரும்வரை குவியலை விட்டு நகரக் கூடாது. செவ்வாய் முதல் வெள்ளி வரை நாலு இரவு நெல்லோடு படுத்திருக்கிறார். சாப்பாடு டீக்கடை பன்னும் பரோட்டாவும். மென்று சாப்பிட முடியாததால் டீயில் நனைத்து. சுகர் மாத்திரை வீட்டிலேயே இருந்துவிட்டது. அமாக்சிசிலின் சட்டைப் பையில் இருந்தது. ஞாபகம் வந்தபோது போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் வெற்றிலையும் ஆரம்பித்தாயிற்று.

வியாழக்கிழமை நானே போன் செய்தேன். மருமகள் எடுத்தார். "மாமா களத்துல இருக்காங்க டாக்டர். வலி மட்டும் இருக்குன்னாங்க, காது வரைக்கும் இழுக்குதாம்."

மூன்றாம் நாள், காது வரை இழுக்கும் வலி. பல் மருத்துவம் படித்த யாருக்கும் உடனே மனதில் தோன்றுவது உலர்ந்த பற்குழி. பல் எடுத்த பள்ளத்தில் உறைந்த ரத்தம் கரைந்தோ கழன்றோ போய் எலும்பு வெறுமையாக நிற்பது அது. கீழ்த்தாடைக் கடைவாயிலும் புகையிலை போடுபவர்களிடமும் அதிகம். வலி உயிரை வாங்கும், ஆனால் ஆபத்தில்லை. கழுவி மருந்து வைத்தால் அடங்கும். "நாளைக்குக் கண்டிப்பா வரச் சொல்லுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். காய்ச்சல் இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, வாயைத் திறக்க முடிகிறதா, மூன்றில் ஒன்றையும் கேட்கவில்லை. உலர்ந்த பற்குழியில் காய்ச்சல் வராது, வீக்கமும் சீழும் இருக்காது. கேட்டிருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே தெரிந்திருக்கும்.

ஐந்தாம் நாள்

சனிக்கிழமை மதியம் மகன் பைக்கில் கூட்டிவந்தார். தூரத்திலேயே தெரிந்தது. வலது தாடையின் கீழ்விளிம்பைக் காணோம்; தாடையும் கழுத்தும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. தொட்டால் கல் மாதிரி, சூடு. காய்ச்சல் 101.4. நாடி 112. வாய் 18 மி.மீ. திறந்தது. ஒரு விரல் நுழையலாம், அவ்வளவுதான். பாக்கினால் ஏற்கெனவே எவ்வளவு குறைந்திருந்தது, இப்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்ல அட்டையில் எண் இல்லை.

அந்த இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பள்ளத்தில் உறைந்த ரத்தமே இல்லை. சாம்பல் நிறத்தில் அழுகிய தசை, கெட்ட வாடை, தாடைக்கு அடியிலிருந்து அழுத்தினால் சீழ். நாக்குக்கடியில் வலப்புறம் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் நாக்கு மேலே தூக்கவில்லை. எச்சிலை விழுங்கினார். குரல் மாறவில்லை. படுக்க வைத்தபோது மூச்சு வாங்கவில்லை. இந்த நாலையும் முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இரண்டு பக்கமும் வீங்கி நாக்கைத் தூக்கிவிட்டால் அது ஜெர்மன் மருத்துவர் லுட்விக் 1836-லேயே விவரித்துவைத்த நிலை. மூச்சு எப்போது அடைக்கும் என்று சொல்ல முடியாது.

சுகர் 412.

கிளினிக்கில் வைத்துக் கீறிப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஒரு நொடி கூட வரவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் முக அறுவைப் பிரிவுக்குப் போன் செய்து, கடிதம் எழுதி, 108-ல் ஏற்றி அனுப்பினேன்.

அங்கே பார்த்தவை: வெள்ளை அணுக்கள் 18,600. சிறுநீரில் கீட்டோன் ஒரு பிளஸ், ஆனால் ரத்தம் அமிலமாகவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.4. இரண்டு மூன்று மாதச் சுகர் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 11.4. ஸ்கேனில் தாடைக்கடிக் குழியில் சீழ் தேங்கியிருந்தது. இன்சுலின் டிரிப், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக்; அன்று இரவே தாடை விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே கீறிச் சீழை வெளியேற்றினார்கள். அவ்வளவு கீழே கீறுவதற்குக் காரணம் உண்டு. உதட்டின் ஓரத்தை இறக்கும் நரம்பு விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. அதை வெட்டிவிட்டால் சிரிக்கும்போது வாய் கோணும். சுமார் 20 மி.லி. சீழ் வந்தது. ரப்பர் வடிகுழாய் நாலு நாள் இருந்தது.

சீழை வளர்த்துப் பார்த்ததில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற கிருமி வந்தது. பல்லிலிருந்து பரவும் சீழில் வழக்கமாக இருப்பவை வாயில் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும் காற்றில்லாமல் வாழும் கிருமிகளும்தான். சர்க்கரை நோயாளிகளின் கழுத்துச் சீழில் கிளெப்சியெல்லா அடிக்கடி தலைகாட்டும். அமாக்சிசிலினை உடைக்கும் நொதி அதற்குப் பிறவியிலேயே உண்டு. அதாவது, நான் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவர் ஒரு வேளை விடாமல் போட்டிருந்தாலும் இந்தக் கிருமியிடம் பலித்திருக்காது. உணர்திறன் பார்த்து செஃப்ட்ரையாக்சோனுக்கு மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார், இன்சுலின் பேனாவோடு.

வார்டில் கேட்ட கதை

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கி, பேச ஆரம்பித்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, திங்கட்கிழமை என்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்டேன். முன்பே கேட்டிருக்க வேண்டியதை.

எட்டு மாதம் முன்பு இதே பல்லுக்காக வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே சுகர் 300-க்கு மேல் காட்ட, "குறைச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிக் குறைப்பது, யாரைப் பார்ப்பது, எத்தனைக்குக் குறைந்தால் வரலாம் என்று ஒன்றும் சொல்லவில்லை. ஊரிலும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சுகர் இருந்தால் பல்லைப் பிடுங்கக் கூடாது, புண் ஆறாது. அதனால் வலி வரும்போதெல்லாம் ஊர் மெடிக்கல் கடையில் பல்வலிக்கு என்று பொட்டலம் கட்டி வாங்கியிருக்கிறார். நாலு மாத்திரை கலந்தது, பத்து ரூபாய். உடனே கேட்கும். மகன் வீட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துவந்தார். வெட்டின அட்டைத் துண்டில் டெக்சாமெதசோன் என்று படிக்க முடிந்தது. ஸ்டீராய்டு. வலியும் வீக்கமும் மாயமாய் அடங்கும். சுகரும் மாயமாய் ஏறும். கிருமியோடு சண்டை போடும் சக்தியும் குறையும். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் போட்டிருக்கிறார்.

"அப்ப அன்னிக்கு மட்டும் 168 எப்படி ஐயா வந்துச்சு?"

சிரித்தார். வலித்திருக்கும், பாதியில் நிறுத்திக்கொண்டார். "நீங்களும் திருப்பி அனுப்பிட்டா என்ன பண்றது? அதான் முதல் நாள் ராத்திரியே சாப்பாட்ட நிறுத்திட்டேன். காலைல சுகர் மாத்திரைய ரெண்டு ரெண்டா போட்டுக்கிட்டு வந்தேன்."

பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி, இரட்டை டோஸ் மாத்திரை. அதற்குப் பிறகும் 168. சாப்பிட்டவனுக்குப் பரவாயில்லை என்று நான் படித்த அதே எண், வெறும் வயிற்றில் வந்தது. வெறும் வயிற்றில் 126-ஐத் தாண்டினாலே சர்க்கரை நோய் என்கிறோம். கருவி சரியாகத்தான் காட்டியது. "எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்காததால் எனக்கு அது தப்பாகத் தெரிந்தது. நாற்காலியில் வியர்த்ததும் கை நடுங்கியதும் பயத்தினால் இருக்க வாய்ப்புக் குறைவு. வெறும் வயிற்றில் இரண்டு கிளிமிப்பிரைடு போட்டவருக்குச் சுகர் கீழே விழுந்திருக்கும். குளுக்கோஸ் தண்ணீரில் தெளிந்ததே போதுமான துப்பு. இன்னொரு தடவை விரலில் குத்தியிருந்தால் தெரிந்திருக்கும்.

எச்பிஏ1சி 11.4 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுமார் 280. பட்டினி கிடந்து அதை மறைக்க முடியாது.

புண்ணில் என்ன நடந்தது

பல் எடுத்த பள்ளத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. வெளிக்காயத்தில் தோல் ஒட்டுவது போல இங்கே ஒட்ட வழியில்லை. அந்த உறைவுதான் சாரம் கட்டிக் கொடுக்கிறது. ஒரு வாரத்தில் அதன் இடத்தில் சிவந்த, மெத்தென்ற புதுத் திசு வளரும். மூன்று நாலு வாரத்தில் ஈறு மேலே மூடும். உள்ளே எலும்பு ஆறு முதல் எட்டு வாரத்தில் நிரம்பத் தொடங்கும். அது இறுகி முதிர நாலு முதல் ஆறு மாதம்.

ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இந்த வரிசையின் முதல் படியிலேயே சிக்கல் வருகிறது. காயத்துக்கு முதலில் வந்து சேர வேண்டிய வெள்ளை அணுக்கள் தாமதமாக வருகின்றன. வந்தாலும் கிருமியை விழுங்கிக் கொல்வதில் மந்தம். நுண்ணிய ரத்தக் குழாய்கள் வருடக்கணக்கில் தடித்துப் போயிருப்பதால் ஆக்சிஜனும் குறைவு. புதுத் திசுவுக்கு நாராக நிற்கும் கொலாஜன் புரதம் சரியாகப் பின்னுவதில்லை. வாய் வறட்சியினால் எச்சில் கழுவிவிடும் வேலையும் குறைகிறது. இதெல்லாம் சர்க்கரை நோய் என்ற பெயரினால் வருவதில்லை என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டில் உள்ள டைப் 2 நோயாளிகளையும் சர்க்கரை இல்லாதவர்களையும் பல் எடுத்தபின் ஒப்பிட்ட ஆய்வுகளில், புண் ஆறுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஊரில் சொல்லும் "பிடுங்கக் கூடாது" தப்பு. சீழ் வைத்த பல்லை உள்ளே விட்டுவைத்தால் அந்தச் சீழே சுகரை ஏற்றும். ஏறின சுகர் சீழை வளர்க்கும். எட்டு மாதம் அவர் அந்தச் சுழலில் இருந்தார்.

சீழ் ஏன் கழுத்துப் பக்கம் இறங்கியது என்பதற்கு உடற்கூறு காரணம். கீழ்த்தாடையின் உட்புறத்தில், நாக்குக்கடியில், ஒரு தசை தொட்டில் போலக் கட்டியிருக்கிறது. முன்னால் இருக்கும் பற்களின் வேர் நுனிகள் பெரும்பாலும் அந்தத் தொட்டிலுக்கு மேலே. கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்கள் கீழே. அங்கே எலும்பைத் துளைத்து வரும் சீழ் வாய்க்குள் வடியாமல் தாடைக்கடியில் போய்த் தேங்கும். நான் முக்கால் மணி நேரம் வேரோடு மல்லுக்கட்டியதில் நசுங்கிய எலும்பும் கிருமிக்கு வசதியாகப் போயிருக்கும்.

அப்புறம்

பள்ளம் ஆற நாள் பிடித்தது. மூன்றாம் வாரம் இன்னும் குழியாகவே இருந்தது; வாரம் இருமுறை உப்பு நீர் பீச்சிக் கழுவினோம். நாலாம் வாரம் அரிசி அளவு செத்த எலும்புத் துண்டு ஒன்று தானாக வெளியே வந்தது. எட்டாம் வாரம் ஈறு மூடியது. வாய் 31 மி.மீ. திறந்தது, பாக்கு இறுக்கத்தோடு சேர்த்து. அட்டையில் இப்போது எண் இருக்கிறது. புகையிலையை விட்டுவிட்டேன் என்கிறார். வெற்றிலையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

என் பக்கம் மாற்றியவை சில. விரலில் குத்தும்போதே கடைசியாக எப்போது சாப்பிட்டார், எந்த மாத்திரை எத்தனை போட்டார் என்று பக்கத்தில் எழுதுகிறோம். மூன்று மாதத்துக்குள் எடுத்த எச்பிஏ1சி கையில் இல்லாத சர்க்கரை நோயாளிக்கு அவசரமில்லாத பல்லை எடுப்பதில்லை. 8-க்கு மேல் இருந்தால் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் நானே பேசுகிறேன். இந்த 8 என் கணக்கு, சட்டம் ஒன்றும் இல்லை. சீழும் வீக்கமும் இருந்தால் எண்ணுக்காகக் காத்திருப்பதும் தப்பு. சுகரையும் பல்லையும் ஒரே நேரத்தில் பார்க்கும் இடத்துக்கு அனுப்புவதுதான் வழி. வெறுமனே "குறைச்சிட்டு வாங்க" என்று நான் யாரையும் அனுப்புவதில்லை. காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரை போட்டு வரச் சொல்கிறோம். சிலர் சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுகிறார்கள். அவர்கள் பட்டினி கிடந்தால் சுகர் அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் அபாயம் தனியாக உண்டு.

இரண்டாம் நாள் அவர்கள் வராவிட்டால் போன் போகிறது. முதல் கேள்வி: உங்கள் விரலை நிமிர்த்தி வாய்க்குள் வையுங்கள், நேற்று எத்தனை விரல் போனது, இன்று எத்தனை போகிறது? மூன்று போனது இரண்டானால் நெல்லை யாரிடமாவது பார்க்கச் சொல்லிவிட்டு உடனே கிளம்பி வர வேண்டும். களத்தில் நிற்பவரிடமும் இதைக் கேட்கலாம், கண்ணாடி கூட வேண்டாம்.

எல்லோருக்கும் இன்னும் பலமான ஆன்டிபயாடிக் எழுதலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு உடன்பாடில்லை. கட்டுப்பாட்டில் உள்ளவருக்குச் சாதாரணப் பல் எடுக்க ஆன்டிபயாடிக்கே பெரும்பாலும் தேவைப்படாது. இவருக்கும் மருந்து பலவீனமாக இருந்ததைவிட, 280 சராசரியில் பல்லை எடுத்ததும் ஐந்து நாள் யாரும் பார்க்காததும்தான் பெரிய காரணங்கள்.

மேல்தாடைப் பல்லாக இருந்திருந்தால் இன்னொரு பயமும் இருந்திருக்கும். 2021-ல் கொரோனாவோடு சேர்ந்து கரும்பூஞ்சையை நிறையப் பார்த்தோம். சுகர் கட்டுக்கடங்காதவருக்குப் பல் எடுத்த பள்ளம் ஆறாமல் ஈறு கறுத்தால், ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாமல் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

தை மாதக் கடைசியில் வந்தார். எக்ஸ்ரேயில் பள்ளம் எலும்பால் நிரம்பியிருந்தது. எச்பிஏ1சி 7.6. மாத்திரையை இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். இடது பக்கம் இன்னொரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் எடுக்க வேண்டும். "சம்பா அறுப்பு பத்து நாள் கழிச்சுத்தான்" என்று அவரே சொன்னார். இட்லி சாப்பிட்டதாகச் சொன்னார். மகனிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சுகர் 154. பல் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை ஒன்பதரைக்கு, நான் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். கேட்பதற்கு முன்பே இரண்டு விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைத்துக் காட்டினார். அவருக்கு அவ்வளவுதான் எப்போதும் போகும். அட்டையைப் பார்த்தேன், 31.